செயற்கைப் புல்விரிப்பில் பழுது பார்ப்பது எப்படி? – கேள்வி பதில்

வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் விரித்த செயற்கைப் புல்லைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, அதைப் பதிக்கும் தொழிலில் இருக்கும் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி (கோவை): தீபாவளியன்று புஸ்வாணம் வைத்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புல் உருகிக் கட்டியாகிவிட்டது. முழு விரிப்பையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். வேறு வழி உண்டா, ஐயா?

பதில்: தாராளமாக உண்டு. வீட்டு விரிப்புகளின் இழைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. அது 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். உருகிய இழையை மீட்க முடியாது என்பதால், அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேறு துண்டை ஒட்ட வேண்டும்.

ஓரத்துக்கு அருகில் என்றால் விரிப்பை மடக்கிப் பின்புறத்திலிருந்து வெட்டுங்கள். நடுவில் என்றால் மேலிருந்தே இழைகளை விரலால் வகிடு எடுத்து, அடித்துணியில் கட்டரை ஓட்டுங்கள். இரண்டு தையல் வரிசைகளுக்கு இடையே உள்ள சந்தில்தான் கட்டர் போக வேண்டும். தையலின் மேல் போனால் அந்த வரிசை நாளடைவில் உதிரும். வட்டமாக வெட்டாமல் சதுரமாக வெட்டுவதும் இதற்காகவே. எடுத்த துண்டையும் புதிய துண்டையும் கவிழ்த்துப் போட்டு, இரண்டின் இழைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதை உறுதி செய்த பிறகே அளவெடுத்து வெட்டுங்கள். சாய்வு மாறினால், எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் தூரத்திலிருந்தே வேறு நிறமாகத் தெரியும்.

பிறகு, இரு துண்டுகளை அடியிலிருந்து சேர்க்கும் இணைப்பு நாடாவில் பாதி பழைய விரிப்பின் அடியிலும் மீதி திறப்பிலும் இருக்குமாறு நான்கு புறமும் செருகி, பாலியூரித்தேன் பசையைத் தடவி, துண்டைப் பதியுங்கள். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. ஓரத்து இழைகள் பசையில் மாட்டிக்கொள்ளாமல் விரலால் நிமிர்த்திவிட்டு, மேலே செங்கல் ஏற்றி ஒரு நாள் முழுவதும் மிதிக்காமல் விடுங்கள்.

கேள்வி (திருச்சி): மிச்சத் துண்டு கையில் இருக்கிறது. ஆனால் பழைய புல் வெளுத்திருப்பதால் புதியது பளிச்சென்று தெரியுமே?

பதில்: ஏசி வெளி யூனிட்டின் பக்கத்திலோ பூந்தொட்டி வரிசைக்குப் பின்னாலோ, பார்வை படாத ஆனால் வெயில் படும் மூலையிலிருந்து பழைய துண்டை எடுத்து இங்கே ஒட்டுங்கள், புதியதை அந்த மூலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): வாசலிலிருந்து கார் நிறுத்தம் வரை நடக்கும் தடத்தில் புல் படுத்தே கிடக்கிறது.

பதில்: இழைகள் இளஞ்சூடாக இருக்கும் மாலை நேரத்தில், விறைப்பான நைலான் துடைப்பத்தால் சாய்வுக்கு எதிர்த்திசையில் வாருங்கள், கம்பி பிரஷ் கூடாது. 30 மில்லிமீட்டருக்கு மேல் உயரமுள்ள புல்லானால், நன்கு காய்ந்த சிலிக்கா மணலைச் சதுர மீட்டருக்கு 5 முதல் 7 கிலோ வரை, சிறிது சிறிதாகத் தூவி உள்ளே இறக்குங்கள். இழையை நிமிர்த்தி நிறுத்துவது அந்த மணல்தான். செலவைக் குறைக்கப் பதிப்பவர்கள் முதலில் கைவிடுவதும் அதைத்தான்.

கேள்வி (சென்னை): மொட்டை மாடியில் விரித்த புல் அலையலையாக எழும்புகிறது. மழைக்குப் பிறகு நாற்றமும் வருகிறது. ஆணி அடித்தால் சரியாகுமா?

பதில்: ஆணி அடிக்கவே அடிக்காதீர்கள், தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு ஓட்டையாகி, கீழ் அறையின் கூரை ஒழுகும். உங்கள் கேள்வியில் இரண்டு பழுதுகள் இருக்கின்றன. வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அப்போது விரிப்பு விரிகிறது, சுவரோரம் இடம் விடாமல் வெட்டியிருந்தால் நடுவில் எழும்புகிறது. ஓரத்தைப் பெயர்த்து, வெயிலில் சில மணி நேரம் தளர்வாகக் கிடக்கவிட்டு, பிறகு ஓரத்தைச் சற்றுக் கத்தரித்து ஒட்டுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் அடியில் தேங்கும் நீர். விரிப்பைச் சுருட்டி, தளத்தைத் தேய்த்துக் கழுவி, ஒரு வாளி நீரை ஊற்றி அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பள்ளத்தைச் சிமெண்டால் நிரவி, வடிகுழாய் வாயை மூடாமல் விரித்தால்தான் பயன் உண்டு. இல்லையெனில் அடுத்த மழைக்கே நாற்றம் திரும்பிவிடும்.

கேள்வி (சேலம்): நாய் சிறுநீர் கழிக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடலாமா?

பதில்: வேண்டாம். சிறுநீரின் அம்மோனியாவுடன் சேர்ந்து மூச்சைப் பாதிக்கும் குளோரமின் வாயு உண்டாகும். தினமும் நிறைய நீர் விட்டு அலசுங்கள்; நாற்றம் நீடித்தால், சம அளவு நீர் கலந்த வெள்ளை வினிகரைத் தெளித்து மீண்டும் அலசுங்கள். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மண் தரையில் விரித்த புல்லைக் கோரை துளைத்துக்கொண்டு வருகிறது.

பதில்: கோரையின் முளை பிளாஸ்டிக் தாளையே துளைக்கும் கூர்மை கொண்டது. மேலே தெரிவதைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அந்தப் பகுதி விரிப்பைத் தூக்கி, மண்ணைக் கொத்திக் கிழங்குகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கிரஷர் தூளை (கல் உடைக்கும்போது கிடைக்கும் தூள்) நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இறுக்கிய பின் மூடுங்கள். சில கிழங்குகள் தப்பவே செய்யும். அடுத்த மழைக்காலத்திலும் இந்த வேலை இருக்கும்.

கேள்வி (பெங்களூரு): நெருப்பே படாத இடத்தில், கோடு போட்டதுபோல் புல் உருகியிருக்கிறது. எப்படி?

பதில்: எதிரே உள்ள ஜன்னலைப் பாருங்கள். வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி சற்றே உட்குழிந்தால், வெயிலைக் குவித்துப் புல்லின் மேல் பாய்ச்சும். வெளிப்புறத்தில் வலையோ திரையோ கட்டி அந்த ஒளியை மறித்த பிறகு ஒட்டுப் போடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): எந்த நிலையில் பழுது பார்ப்பதை விட்டுவிட்டுப் புதிது போட வேண்டும்?

பதில்: இழையை விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது. லேசாக இழுத்ததும் கொத்தாகக் கையோடு வந்தால், இழைகளைப் பிடித்து வைக்கும் அடித்துணியின் லேடெக்ஸ் (ரப்பர் போன்ற பசை) பூச்சு போய்விட்டது. இவ்விரண்டில் ஒன்று பரவலாக இருந்தாலும் ஒட்டுப் போடுவது வீண். மணலைச் சலித்து எடுத்து வைத்தால் புதிய விரிப்புக்கு உதவும். பழையதைக் கொல்லையில் போட்டு எரிக்காமல், உள்ளாட்சியின் குப்பை சேகரிப்பில் ஒப்படையுங்கள்.