யூரோஸ்கோர் 2.1 என்றால் இரண்டு ஆண்டு ஆயுள் அல்ல

கேள்வி: மஞ்சள் விவசாயம் செய்யும் என் அப்பாவுக்கு வயது 62; 14 ஆண்டுகளாகச் சர்க்கரை. கோயமுத்தூரில் பைபாஸ் செய்து இரண்டு மாதம் ஆகிறது. கோப்பில் ‘யூரோஸ்கோர் 2.1’, ‘இ.எஃப். 38%’ என்று இருக்கிறது. இரண்டு ஆண்டுதான் இருப்பாரா? 18,000 ரூபாய்க்கு ஸ்கேன் எடுத்தால் ஆயுளைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர்.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்த 2.1 ஆண்டுக் கணக்கே அல்ல, சதவீதம். அப்பாவின் உடல்நிலையில் உள்ள 100 பேருக்கு இந்த அறுவை நடந்தால், ஆஸ்பத்திரியிலேயே ஏறக்குறைய இருவரை இழக்க நேரலாம் என்று பொருள். அவர் வீடு வந்துவிட்டார். அந்தக் கண்டம் தாண்டியாயிற்று. இதைத் தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் ஆங்கிலத் தாள் கட்டைக் கையில் திணித்து அனுப்புகிறோமே, இரண்டு மாதம் ஒரு குடும்பம் தூங்காமல் கிடந்ததற்கு மருத்துவர்களாகிய நாங்கள்தான் காரணம்.

இ.எஃப். என்பது இதயத்தின் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில், ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. 55-க்கு மேல் இருந்தால் நல்லது; 38 குறைவுதான். ஆனால் அதை அளந்த எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எந்தத் தேதியில் எடுத்தது என்று பாருங்கள். அறுவைக்கு முன்பு என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் இல்லாமல் வாடிய மஞ்சளுக்கும் பட்டுப்போன மஞ்சளுக்கும் வித்தியாசம் அப்பாவுக்குத் தெரியும். இதயத் தசையும் அப்படித்தான். ரத்தம் போதாமல் சோர்ந்து கிடந்த தசை, புதுப் பாதை கிடைத்ததும் மெல்லத் தேறலாம். அதற்குச் சில மாதம் பிடிக்கும். மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி எக்கோ எடுங்கள். அப்போதும் 35-க்குக் கீழே நின்றால், திடீர்த் துடிப்புக் கோளாறுக்கான கருவி தேவையா என்று கேளுங்கள்.

இன்னொன்று, அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘லிமா’ என்ற சொல் இருக்கிறதா? பைபாஸில் புதுப் பாதையாக இணைக்கும், நெஞ்சின் உட்புறத்து ரத்தக்குழாய் அது. 10 ஆண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திறந்தே இருக்கும். காலில் எடுத்த குழாய்களில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைபட்டோ சுருங்கியோ போகும். நீண்ட கால ஆயுளுக்கு லிமா பெரிய துணை.

ஸ்கேன்காரர் விஷயத்துக்கு வருகிறேன். தனி ஒருவரின் ஆயுளை ஆண்டாகச் சொல்லும் ஸ்கேன் உலகத்தில் இல்லை. சாயம் ஏற்றி எடுப்பது என்றால், 14 ஆண்டு சர்க்கரையைத் தாங்கிய சிறுநீரகத்துக்கு அது வீண் சுமை. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைகளில் இப்படிப்பட்ட ‘தெரிந்தவர்கள்’ காத்திருக்கிறார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். அடுத்த முறை, ரத்தக்குழாயைக் கழுவும் டிரிப்ஸ் என்று வருவார்கள். பைபாஸ் குழாயைக் கழுவும் டிரிப்ஸ் எதுவும் கிடையாது.

செலவு செய்ய வேண்டியது மாத்திரைக்கு. ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் வலி போய்விட்டதே என்று நிறுத்துகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு விட வேண்டும். சர்க்கரை மாத்திரை, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும், பதிவு செய்யுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையையும் விடாதீர்கள்.

அடுத்த மாதம் புதிய எக்கோ, பழைய எக்கோ, அறுவைக் குறிப்பு மூன்றையும் அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். ஸ்கேனுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.