ஃபிரேம் போச்சா, ஆர்ம் போச்சா?

கேள்வி: என் நான்கு சக்கர குவாட் பைக்கின் முன் வலது சக்கரம் ஒரு பாறையில் பலமாக மோதிவிட்டது. அதிலிருந்து வண்டி வலப்பக்கம் இழுக்கிறது, சக்கரம் நேராக இருக்கும்போது ஹேண்டில்பார் கோணலாக நிற்கிறது. ஒரு மெக்கானிக் ஃபிரேம் வளைந்துவிட்டது, வண்டியைக் கழித்துவிடுங்கள் என்கிறார். இன்னொருவர், சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் ஏ ஆர்மை மாற்றினால் போதும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரில் யாராவது டேப் எடுத்து அளந்தார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அளக்காமல் ஃபிரேமைக் குறை சொல்லவும் கூடாது, ஃபிரேம் நன்றாக இருக்கிறது என்று கை கழுவவும் கூடாது. இதை நீங்களே ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் டயர் காற்று. குவாட் டயரில் காற்று ரொம்பக் குறைவு, பல வண்டிகளில் 4 முதல் 7 பிஎஸ்ஐ தான். கார் கேஜில் இந்த அளவு சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கென்று இருக்கும் கேஜ் வேண்டும். இவ்வளவு குறைந்த காற்றில் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசமே வண்டியை ஒரு பக்கம் இழுக்கப் போதும். இரண்டு முன் டயருக்கும் ஒரே காற்று வைத்துவிட்டு, டேப்பைச் சுற்றிச் சுற்றளவையும் பாருங்கள். அப்புறமும் இழுத்தால் மேலே போகலாம்.

வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கையை விடாதீர்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளி முனையில் இருக்கும் உருண்டை மூட்டு), வீல் பேரிங், ஏ ஆர்ம் புஷ் (ஆர்ம் ஃபிரேமில் சுழலும் இடத்து உறை) மூன்றில் எது தேய்ந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனைகள். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கும் இடத்தில் விரல் நுனியில் ‘டக்’ என்று ஒரு தட்டு விழும், கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

இப்போது அளவு. மோதாத இடப்பக்கம்தான் உங்களுக்கு அளவுகோல். சமதரையில் வண்டியை இறக்கி, சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வலப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்றால், அந்தச் சக்கரம் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. தள்ளியது வளைந்த ஆர்மா, இல்லை ஃபிரேமில் வெல்டிங் செய்த, ஆர்ம் மாட்டும் ஓட்டைத் தகடுகளான காதுகள் வளைந்ததா என்பதைத்தான் அடுத்து பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் நிறைய பேர் அவசரப்பட்டுப் புது ஆர்மை வாங்கி, அது மாட்டாமல் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறார்கள்.

ஏ ஆர்மைக் கழற்றுங்கள். வலது, இடது ஆர்ம்கள் பெரும்பாலும் கண்ணாடியில் பார்த்த பிம்பம் போலத்தான் இருக்கும், ஒன்றைத் திருப்பி இன்னொன்றின் மேல் வைத்தாலே நெளிசல் தெரிந்துவிடும். டை ராடைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள், வளைந்திருந்தால் தள்ளாடும். பிறகு ஆர்ம் இல்லாத ஃபிரேமில் ஆர்மை மாட்டும் போல்ட்டை மட்டும் இரண்டு காதுகளின் ஓட்டைக்குள்ளும் கையால் தள்ளிப் பாருங்கள். துருவும் சேறும் துடைத்த பிறகு, வழுக்கிக்கொண்டு போனால் காதுகள் நேராக இருக்கின்றன. இரண்டாவது ஓட்டையின் விளிம்பில் போய் முட்டி நின்றால் காது வளைந்திருக்கிறது, சந்தேகமே வேண்டாம். கடைசியாக, இடது முன் காதிலிருந்து வலது பின் காதுக்கும், வலது முன் காதிலிருந்து இடது பின் காதுக்கும் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். போல்ட் சரியாகப் போயும் குறுக்களவு ஒத்துவரவில்லை என்றால், காதோடு சேர்ந்து குழாயே நகர்ந்திருக்கிறது.

விரிசலையும் விட்டுவிடாதீர்கள். காதுகளின் வெல்டிங் ஓரம், ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட், ஸ்டீயரிங் தண்டின் அடிப்பகுதி, இந்த மூன்றையும் கழுவிக் காயவைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு கோடும், அதில் துருவின் பழுப்பும் இருந்தால் உள்ளே இரும்பு திறந்திருக்கிறது.

எஃகு ஃபிரேமில் காது மட்டும் போயிருந்தால், ஜிக் (பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் சட்டம்) வைத்து வேலை செய்யத் தெரிந்த வெல்டர் வெட்டிப் புதுக் காது வைக்கலாம், வண்டியைக் கழிக்கத் தேவையில்லை. பிரதானக் குழாய் மடிந்திருந்தால் முதல் மெக்கானிக் சொன்னதில் பாதி சரி: அந்த ஃபிரேமை மாற்றத்தான் வேண்டும். ஹேண்டில்பார் கோணலுக்கு டை ராடைத் திருகிச் சரிக்கட்ட மட்டும் யாரையும் விடாதீர்கள். ஹேண்டில்பார் கிளாம்ப் வழுக்கியதா, ஸ்டீயரிங் தண்டு முறுக்கிக்கொண்டதா என்று பார்க்காமல் திருகினால் சக்கரக் கோணம் கெட்டு, கோளாறும் மறைந்துபோகும்.

கேள்வி: ஆர்ம் இரண்டு தடவை வளைந்துவிட்டது. இன்னும் கனமான ஆர்ம் போடலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். மோதலில் ஆர்ம் வளைந்துகொடுப்பதால்தான் உங்கள் ஃபிரேம் இன்னும் பிழைத்திருக்கிறது. ஆர்ம் வளையாவிட்டால் அந்த அடி நேராக ஃபிரேமின் காதுகளில் இறங்கும். நான்கு போல்ட்டில் மாற்றும் பொருளைக் காப்பாற்றப் போய் வெட்டி ஒட்டும் பொருளை ஏன் பலி கொடுக்க வேண்டும்? பழைய ஆர்மைச் சூடாக்கி நிமிர்த்துவதும் கூடாது, ஒரு தடவை மடிந்த குழாய் அதே இடத்தில் சுலபமாக மடியும்.

கேள்வி: நிறுத்தி வைத்தால் முன் இடப்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. ஸ்பிரிங் போய்விட்டதா?

பதில்: இரண்டு ஷாக்கிலும் பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவு, ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தால் ஷாக்குகளை இடம் மாற்றி மாட்டுங்கள். தாழ்வு வலப்பக்கம் போனால் ஷாக்கில்தான் கோளாறு. ஷாக்கின் தண்டில் எண்ணெய்க் கசிவோ வளைவோ இருக்கிறதா பாருங்கள். இடப்பக்கமே நின்றால் ஷாக்கை விட்டுவிட்டு, மேலே சொன்னபடி ஆர்மைக் கழற்றி போல்ட்டைத் தள்ளிப் பாருங்கள்.