ராத்திரியில் இரும்பு தண்ணீர் குடிக்கும்

அன்புள்ள அக்கா,

நான் சைதாப்பேட்டைக்காரன். ஏழு வருடமாகக் கனடாவில், வினிபெக்கில் இருக்கிறேன். உங்கள் மொட்டை மாடிப் பட்டறை பற்றிப் படித்துத்தான் கராஜில் நானும் ஒரு தச்சுப் பட்டறை அமைக்க ஆரம்பித்தேன். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் அதன் உருவத்தை வரைந்து ஆணி அடித்திருக்கிறேன் (படம் இணைத்துள்ளேன்). ஆனால் ஜனவரியில் மைனஸ் 30 வரை போகிறது. புரொப்பேன் கேஸ் ஹீட்டர் போட்டால் ரம்ப மேசை துருப்பிடிக்கிறது. கருவி அலமாரிக்குப் பசை போட்ட இணைப்பு கையோடு வந்துவிட்டது. எந்த ஹீட்டர் வாங்கலாம்? ஊரிலிருந்து தேக்குப் பலகை கொண்டுவரலாமா?

வாசகர், வினிபெக்

அன்புள்ள தம்பி,

ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. இன்று காலை உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

புகைக்குழாய் இல்லாத அந்த ஹீட்டரை இன்றே நிறுத்துங்கள். 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். கராஜில் எது அதிகம் குளிர்ந்து கிடக்கிறதோ அதன்மேல் வேர்த்து நிற்கும். உங்கள் மேசை வார்ப்பிரும்பு, வேறென்ன ஆகும்? பனி அப்பிய காரைக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தினாலும் இதே கதைதான். துரு போகட்டும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். மின்சார ஹீட்டரோ, புகையை வெளியே தள்ளுகிற ஹீட்டரோ, எதுவானாலும் சரி.

மரப்பசை சுமார் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும். காற்று சூடானால் போதாது, பலகையே சூடாக இருக்க வேண்டும். முந்தின நாளே பலகையையும் பசையையும் வீட்டுக்குள் வையுங்கள், ஒட்டியதும் ராத்திரி முழுக்க உள்ளேயே கிடக்கட்டும். தேக்கெல்லாம் வேண்டாம். அங்கே மேப்பிள் இருக்கிறது, பிர்ச் இருக்கிறது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். எவ்வளவு சுத்தமான சுவர்! எனக்கு வருத்தமாக இருந்தது. இரண்டு குளிர்காலத்தில் நீங்கள் செய்யப் பார்த்த ஒரே பொருள் கருவிகளை வைக்க ஓர் அலமாரி. எந்த உளியை உங்கள் கை அடிக்கடி தேடும் என்று தெரிவதற்கு முன்பே அதற்கு இடம் வரைந்துவிட்டீர்கள். யாரைக் கேட்டு வரைந்தீர்கள்?

1983-ல் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கதவு செய்ய ஓர் ஆசாரி வந்தார். அவருடைய பட்டறை ஒரு கோணிப்பை. இழைப்புளி, நாலு உளி, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல், ரம்பம், மூலைமட்டம், தீட்டுக்கல், அவ்வளவுதான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழைப்பார். ஐந்து மணி ஆனால் மரத்தில் வெட்டுகிற காடி, அதாவது பள்ளம், பாதியில் இருந்தால்கூட நிறுத்திவிடுவார். சுருளைக் கூட்டி அள்ளி அம்மாவிடம் அடுப்புக்குக் கொடுப்பார். பிறகு ஒவ்வொரு கருவியையும் காய்ந்த துணியால் துடைப்பார், தேங்காய் எண்ணெய்த் துணியால் மறுபடி துடைப்பார். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். "ராத்திரில இரும்பு தண்ணி குடிக்கும் பாப்பா" என்றார்.

அது எனக்குப் புரிய முப்பது வருடம் ஆயிற்று. ஒரு நவம்பரில் காய்ச்சல் என்று அப்பாவின் இழைப்புளியை மரத்தூளோடு அப்படியே போட்டுவிட்டேன். மரத்தூள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டிவைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் அலகு முழுக்கச் சிவப்பு. தீட்டித் தீட்டிப் பார்த்தேன், புள்ளிகள் போகவில்லை. இன்றும் அதில் இழைத்தால் பலகையில் மெல்லிய கோடு விழுகிறது. ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகம் ஞாபகம் வருகிறது.

பட்டறையை ஒழுங்குசெய்து முடித்துவிட்டு வேலை ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறீர்கள். அது முடியவே முடியாது தம்பி. வேலை நடந்தால் தினமும் கலையும், தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் எடுத்துவைக்க வேண்டும். கூட்டுவது, துடைப்பது, எண்ணெய் போடுவது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் எது கிட்டே இருக்க வேண்டும், எது தூரத்தில் இருந்தால் போதும் என்று கைக்குத் தெரியவரும். களைப்பு என்று ஒரு நாள் விட்டால் இரும்பு அன்றைக்கே குடித்துவிடும், சென்னையிலும் சரி, வினிபெக்கிலும் சரி. அங்கே தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும், மெழுகு தேயுங்கள்.

திட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பசை பிடிக்காத குளிர் ஊரில் தனியாக நின்று பலகையோடு மல்லுக்கட்டுகிற உங்கள் மேல் எனக்குப் பிரியம்தான்.

இந்த வாரம் ஒரு மணை செய்யுங்கள். ஒன்றரை அடிப் பலகை, அடியில் குறுக்காக இரண்டு சட்டம். சட்டத்தை ஒட்டிவிடாதீர்கள். குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும், பலகை அகலவாட்டில் சுருங்கும், ஒட்டியிருந்தால் வெடிக்கும். நடுத் திருகை இறுக்கிவிட்டு, ஓரத் திருகுகளுக்குச் சட்டத்தில் துளையை நீளவாக்கில் போடுங்கள். வேலை முடிந்ததும், கூட்டுவதற்கு முன்னால், தரையை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.