வகைப்படுத்துவதை ஆங்கிலத்தில் எழுதும்போது: இன்டுவா, ஆஸா?

வணக்கம். ஆய்வுக் கட்டுரையில் 'கிளாசிஃபைடு டு த்ரீ குரூப்ஸ்' என்று நீங்கள் எழுதியதை வழிகாட்டி அடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அங்கே 'டு' வராது, 'இன்டு' வர வேண்டும்.

குழப்பம் நம் தமிழிலிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன். 'மூன்று வகையாகப் பிரித்தேன்', 'இதைத் தாவரமாக வகைப்படுத்தினேன்' இரண்டிலும் நமக்கு 'ஆக' போதும். ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. மொத்தத்தையும் கூறு போட்டால் 'இன்டு'. ஒரு பொருளுக்குப் பெயர்ப்பட்டை ஒட்டினால் 'ஆஸ்'. 2006-இல் புளூட்டோவுக்கு நடந்ததைப் பாருங்கள்: 'புளூட்டோ வாஸ் ரீகிளாசிஃபைடு ஆஸ் எ ட்வார்ஃப் பிளானட்'. இங்கே 'இன்டு' போட்டால் காதில் உறுத்தும். எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று சொல்ல 'பை' அல்லது 'அக்கார்டிங் டு'. உங்கள் 'டு' இங்கிருந்துதான் நழுவி வந்திருக்கும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த வினை 'ஃபால் இன்டு'. 'ராக்ஸ் ஃபால் இன்டு த்ரீ மெயின் டைப்ஸ்' என்றால் பாறைகள் இயல்பாகவே மூன்று வகை. யார் பிரித்தார் என்ற கேள்வியே எழாது. ஆனால் நீங்களே அளவுகோல் வைத்துப் பிரித்த மாதிரிகளுக்கு இதைப் போடாதீர்கள், உங்கள் வேலை மறைந்துவிடும். 'வீ குரூப்டு த சாம்பிள்ஸ் இன்டு த்ரீ' என்று நேராகவே எழுதுங்கள்.

கடைசியாக, 'உள்ளடக்கியது' என்று சொல்லும் 'கம்ப்ரைஸ்' பக்கத்தில் 'ஆஃப்' இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், பல வழிகாட்டிகள் அதைப் பிழை என்றே கொள்வார்கள்.