பித்தளை கலவை என்றால் நீர் ஏன் சேர்மம்?

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாயார் ஒருவர் கேட்கிறார்: "பித்தளையை எங்கே வெட்டிப் பார்த்தாலும் ஒரே சீராகத்தான் இருக்கிறது, நீரும் அப்படியே. ஆனால் பாடநூல் ஒன்றைக் கலவை என்றும் மற்றொன்றைச் சேர்மம் என்றும் சொல்வதால் மகள் குழம்புகிறாள். எதைக் கொண்டு முடிவு செய்வது?"

சீரான தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஒரு கலவை ஒருபடித்தானதா (எங்கும் ஒரே சீரானதா), பலபடித்தானதா (இடத்துக்கு இடம் வேறுபடுவதா) என்பதை மட்டுமே அது காட்டும். பகுதிப் பொருள்களின் விகிதத்தை மாற்ற முடியுமா என்பதையே உங்கள் மகள் முதலில் கேட்க வேண்டும். செம்புடன் துத்தநாகம் நூற்றுக்கு 20 பங்கு சேர்ந்தாலும் 35 பங்கு சேர்ந்தாலும் கிடைப்பது பித்தளைதான். நிறமும் கடினத்தன்மையும் மட்டும் வேறுபடும். நீரிலோ, அது எந்த ஆற்றிலிருந்து எடுத்துத் தூய்மையாக்கப்பட்டதாக இருந்தாலும், 1 கிராம் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 8 கிராம் ஆக்சிஜன் என்ற எடை விகிதம் மாறுவதில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் புரூஸ்ட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த மாறா விகித விதி இதுவே.

அடுத்து, பகுதிப் பொருள்களின் பண்புகள் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரும்புத்தூள், கந்தகத்தூள் சோதனையைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். 7 கிராம் இரும்பையும் 4 கிராம் கந்தகத்தையும் வெறுமனே கலந்தால் காந்தம் இரும்பைப் பிரித்தெடுத்துவிடும். அதையே சூடாக்கினால் உருவாகும் கருநிற இரும்பு சல்பைடிலிருந்து காந்தத்தால் இரும்பைப் பிரிக்க முடியாது. நச்சுப்புகை எழக்கூடும் என்பதால், ஆசிரியர் மேற்பார்வையில் ஆய்வகத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

கொதிநிலை மாறாதிருந்தால் அது தூய பொருள் என்ற அடையாளம் பெரும்பாலும் பொருந்தும் என்றாலும், அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஏனெனில், எடையில் 95.6 விழுக்காடு எத்தனால் என்ற ஆல்கஹாலும் மீதி நீரும் கொண்ட கலவைகூட, 78.2 டிகிரி செல்சியஸில் மாறாமல் கொதிக்கிறது.

916 தங்கமும் பித்தளையைப் போலக் கலவையே. நூற்றுக்கு 91.6 பங்கு தங்கமும் எஞ்சிய பங்கில் செம்பு, வெள்ளி போன்றவையும் அதில் உள்ளன.

மூலக்கூறில் ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்கள் இருந்தாலே சேர்மம் என்று எழுதிவிடும் தவற்றையும் மாணவர்களிடம் அடிக்கடி காண்கிறேன். அணுக்களின் எண்ணிக்கையை அல்ல, வகையைப் பார்க்க வேண்டும்: ஓசோனில் மூன்று அணுக்கள் இருந்தும் அனைத்தும் ஆக்சிஜனே என்பதால் அது தனிமம், கார்பன் மோனாக்சைடில் இரண்டே அணுக்கள் இருந்தும் அவை வெவ்வேறு வகை என்பதால் அது சேர்மம்.