நான்கு போர்ஷனுக்கு எந்தச் செயலி?

கேள்வி: திருச்சி உறையூரில் அப்பா கட்டிய நான்கு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கிறோம். நான் கோவையில் இருக்கிறேன். கணக்கெல்லாம் இதுவரை நோட்டில்தான். வாடகை, ஒப்பந்தம், ரிப்பேர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஆன்லைன் செயலி ஏதாவது வாங்கலாமா? – ஒரு வாசகி

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான்கு வாடகைக்கு மாதச் சந்தா தேவையில்லை. வாடகைக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்கொரு யுபிஐ, அப்புறம் ஒரு கூகுள் ஷீட் போதும். வருமான வரிக்கும் அந்த வங்கிக் கணக்கே கைகொடுக்கும். கட்டிய வீட்டு வரி போக, மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. அதற்கு ரிப்பேர் பில் எதுவும் காட்ட வேண்டாம். வீட்டு வரி ரசீது மட்டும் பத்திரம்.

வெளியூரில் இருப்பவருக்குப் பெரிய தலைவலி, வீடு காலியாகும் நாள்தான். பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் உளுத்திருக்கும். "நாங்க வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்பார் குடித்தனக்காரர். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்! அதனால் குடிவரும் அன்றே கதவு, குழாய், ஃபேன், ஈபி மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாங்கிய அட்வான்ஸ் தொகையையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அவர் 'சரி' என்று பதில் போட்டால் பின்னால் இருவருக்குமே மனக்கசப்பு இல்லை.

அதற்குப் பிறகும் செயலி வேண்டுமென்றால் இரண்டு விஷயம் விசாரியுங்கள். வாடகை நேராக உங்கள் கணக்குக்கு வருகிறதா, அவர்கள் கைக்குப் போய்த் திரும்புகிறதா? கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா? இரண்டாவதை நான் கேட்கத் தவறினேன். இரண்டு வருடக் கணக்கு ஏற்றிய பிறகு அந்தச் செயலி நின்றுபோனது. பாஸ்புக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமாக மறுபடி எழுதினேன்.

ஒப்பந்தம் வேறு விஷயம். செயலி தரும் ரெடிமேட் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியதோடு வேலை முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடித்தனக்காரரின் ஆதார் நகலை எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேருக்கு, உறையூரிலேயே ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன் நம்பரை நான்கு வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலையை உங்களைக் கேட்காமலே செய்துகொண்டு, பில்லை அனுப்பி அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளட்டும்.