வரிசைகளுக்கு இடையிலான தூரம்: எங்கள் உதைபந்தாட்டக் கழகம் குறித்த கேள்வி பதில்

இரண்டாம் பிரிவுப் புள்ளிப்பட்டியலின் அடிமட்டத்தில் நிற்கும் எங்கள் கழகத்தைப் பற்றி ஆதரவாளர்கள் கேட்ட கேள்விகளுக்கு, கழகத்தின் முன்னாள் பின்கள வீரரும் இப்போது பாடசாலை அணியொன்றைப் பயிற்றுவிப்பவருமான மூத்த உறுப்பினர் அளித்த பதில்கள் இவை.

அரியாலை ஆதரவாளர்: ஐயா, பின்களத்தில் நால்வர், மத்திய களத்தில் மூவர், முன்களத்தில் மூவர் என்று நிற்கும் 4-3-3 முறை எங்களுக்கு ஒத்துவரவில்லை என்பது கண்கூடு. பழையபடி மத்திய களத்தில் நால்வரும் முன்களத்தில் இருவரும் நிற்கும் 4-4-2 முறைக்குத் திரும்பினால் தோல்விகள் குறையுமா?

திரும்புவதை நானும் ஆதரிக்கிறேன். எங்கள் ஓர முன்கள வீரர்கள் இருவரும் பந்தை இழந்தபின் பின்னோக்கி ஓடிவரும் பழக்கமற்றவர்கள். ஆகவே தாளில் 4-3-3 என்று எழுதப்பட்டாலும், எதிரணியிடம் பந்து இருக்கும் வேளையில் மத்திய களத்தின் முழு அகலத்தையும் மூவரே காக்க வேண்டியதாகிறது. 60 மீற்றருக்கு மேல் அகலமுள்ள மைதானத்தில் அது எவராலும் இயலாத காரியம். நால்வர் நின்றால் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 15 மீற்றர் வரும், அதைக் காக்கலாம்.

ஆயினும் முறையின் பெயரைவிட எனக்குக் கவலை தருவது நீளவாக்கில் உள்ள இடைவெளியே. 1980களின் இறுதியில் இத்தாலியின் மிலான் கழகத்தைப் பயிற்றுவித்து 1989இலும் 1990இலும் கழகங்களுக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று கொடுத்த அரிகோ சாக்கி, தமது பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே ஏறத்தாழ 25 மீற்றருக்கு மேல் தூரம் இருக்கலாகாது என்று வற்புறுத்தியவர். அவரும் ஆடவைத்தது 4-4-2 தான். எங்கள் அணியில் பின்கள வீரர்கள் தண்ட உதைப் பெட்டியின் கோட்டிலேயே நிற்க, முன்கள வீரர் நடுக்கோட்டைத் தாண்டி நின்று பந்துக்காகக் கைதட்டுகிறார். இடையிலுள்ள வெளியில் எதிரணியின் மத்திய கள வீரர் பந்தை நிறுத்தி, தலை நிமிர்த்திப் பார்த்து, விரும்பிய பக்கம் அனுப்புகிறார். இந்தத் தூரம் சுருங்காதவரை எந்த முறையை எழுதினாலும் பயன் ஒன்றுதான்.

நாவாந்துறை ஆதரவாளர்: முதற்பாதியில் எவருக்கும் சளைக்காமல் ஆடுகிறோம். கடைசி 20 நிமிடங்களில் கோல்களை வாங்கிக் குவிக்கிறோம். பையன்களுக்கு மனத்துணிவு போதாதா?

மனத்துணிவைக் குறைகூறுவதற்கு முன் அவர்கள் வளர்ந்த ஆட்டத்தைப் பாருங்கள். எங்கள் ஊர்களில் ஒரு பையன் பாடசாலை அணியைவிட்டு வெளியேறியதும் ஆடுவது பெரும்பாலும் அணிக்கு 7 பேர் அல்லது 9 பேர் கொண்ட மின்னொளிச் சுற்றுப்போட்டிகளே. அவற்றில் மைதானம் சிறியது, நேரம் குறுகியது, சமநிலை வந்தால் தண்ட உதையில் முடிவு. பந்து காலுக்கு வந்தவுடன் ஒருவரை வெட்டிக் கடந்தால் கோல் கம்பம் எதிரே தெரியும். அந்த ஆட்டம் எங்கள் வீரர்களுக்குக் கால்வித்தையையும் நெருக்கடியில் பதறாத குணத்தையும் கொடுத்திருக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் அங்கே முழு வேகத்தில் ஓடி ஆட்டத்தை முடித்துவிடலாம். பதினொருவர் ஆட்டத்தில் 90 நிமிடங்களுக்கு ஓட்டத்தைப் பங்கிட வேண்டும். தொழில்முறை ஆட்டங்களில் மத்திய கள வீரர் ஒருவர் 10 முதல் 12 கிலோமீற்றர்வரை ஓடுகிறார். அதில் பெரும்பகுதி பந்தில்லாத ஓட்டம், எவரும் கைதட்டாத ஓட்டம்.

எங்கள் வீரர்கள் முதல் அரை மணிநேரம் சுற்றுப்போட்டி வேகத்தில் ஓடுகிறார்கள். ஒரு மணிநேரத்தின் பின் முன்னே சென்றவர் திரும்பி வருவதில்லை, பின்னே நிற்பவர் முன்னேறுவதில்லை. முதற்கேள்வியில் சொன்ன தூரம் அப்போதுதான் இரட்டிப்பாகிறது. கடலுக்குப் போய்வந்தும் மேசன் வேலை முடித்தும் நேரே மைதானத்துக்கு வருபவர்கள் அணியில் பலர் என்பதையும் மறக்கலாகாது. மாற்று வீரர்களை 80ஆவது நிமிடத்தில் இறக்குவதை விட்டு 60ஆவது நிமிடத்தில் இறக்கினாலே இந்தக் கோல்களில் ஒரு பகுதி நின்றுவிடும். பயிற்சியிலும் ஏழுபேர் ஆட்டத்தைக் குறைத்து, முழு மைதானத்தில் இடைவிட்டு ஓடும் பயிற்சியைக் கூட்டுவது அவசியம்.

கோண்டாவில் ஆதரவாளர்: எங்கள் ஓப்சைட் பொறி ஏன் எப்போதும் எங்களையே பிடிக்கிறது?

பந்து அனுப்பப்படுவதற்குச் சற்றுமுன் பின்வரிசை முன்னேறி, எதிரணி முன்கள வீரரைத் தங்களுக்குப் பின்னால், விதிக்குப் புறம்பான ஓப்சைட் நிலையில் விடுவதுதான் இந்தப் பொறி. நான்கு பேரும் ஒரே கணத்தில் முன்னேறினால்தான் அது பலிக்கும். எங்கள் இடது பின்கள வீரர் எப்போதும் இரண்டடி பின்தங்குகிறார். கோல் காப்பாளரையும் சேர்த்து எண்ணும்போது கடைசியிலிருந்து இரண்டாமவராக நிற்கும் தற்காப்பு அணி வீரர்தான் ஓப்சைட் கோட்டைத் தீர்மானிக்கிறார் என்பதால், அந்த ஒருவரே எதிரணியின் மூவரையும் காப்பாற்றிவிடுகிறார். கடந்த ஆட்டத்தில் வாங்கிய இரண்டாவது கோல் இன்னும் வேதனையானது: கையெறிதலிலிருந்து நேரடியாகப் பந்து பெறுபவருக்கு ஓப்சைட் கிடையாது. கோல் உதைக்கும் மூலை உதைக்கும் அதே விதி. எங்கள் பின்வரிசை கையை உயர்த்தி மத்தியஸ்தரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வல்வெட்டித்துறை ஆதரவாளர்: முறை, தூரம் என்று பேசுவதெல்லாம் சரி. அணியில் தரமான வீரர்கள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள ஏன் தயங்குகிறீர்கள்? வெளியூரிலிருந்து ஒரு நல்ல முன்கள வீரரைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும்.

தரம் இரண்டு இடங்களில் இல்லை. அவ்விரண்டுமே முன்களத்தில் இல்லை. கோல் காப்பாளர் உயரப்பந்துக்கு வெளியே வரத் தயங்குகிறார். பின்வரிசைக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கக்கூடிய மத்திய கள வீரர் ஒருவர்கூட இல்லை. முன்கள வீரர் கோலடிக்கவில்லை என்பது உண்மை, ஆனால் முழு ஆட்டத்திலும் அவருக்கு உருப்படியாக வரும் பந்துகளை எண்ணிப் பார்த்தால் அவர்மீது கோபம் வராது.

லெஸ்டர் சிற்றி கழகம் 2014-15 பருவத்தில் மாதக்கணக்கில் இங்கிலாந்தின் முதற்தரப் போட்டியான பிரிமியர் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்து இறுதியில் தப்பிப் பிழைத்தது. அடுத்த பருவத்தில் அதே கழகம் கிண்ணத்தை வென்றபோது முன்னால் ஆடிய ஜேமி வார்டியும் ரியாட் மஹ்ரேஸும் ஏற்கெனவே அங்கிருந்தவர்களே. இடையில் வந்து சேர்ந்தவர்களுள் எல்லோரையும்விட முக்கியமானவர், பந்தைப் பறிப்பதில் நிகரற்ற மத்திய கள வீரரான கான்டே. குருநகர், இளவாலை, மன்னார் என்று உதைபந்தாட்டத்தில் ஊறிய ஊர்களிலிருந்து ஒருவரை அழைப்பதாயின், கோலடிப்பவரைத் தேடாமல் அத்தகைய ஒருவரைத் தேடுங்கள். அவருக்குச் செலவும் குறைவு, ஏனெனில் மற்றக் கழகங்கள் அவரைக் கவனித்திருக்கமாட்டா.

அதே ஆதரவாளர்: எங்களூர்ப் பையன்களுக்கே அந்த இடத்தைக் கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம். உயர்தரப் பரீட்சை முடித்த இருவர் என் கண்ணில் இருக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கோ கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும் வயது அது. ஒரு பருவத்துக்கு மேல் அவர்களை நம்பி அணியைக் கட்டுவது எளிதன்று.

கொக்குவில் ஆதரவாளர்: பெரிய அணிகளைப் போல கோல் காப்பாளரிடமிருந்து சிறு பரிமாற்றங்களாகப் பந்தை ஏன் கொண்டுவரக்கூடாது?

2019ஆம் ஆண்டின் விதி மாற்றத்தின்பின், கோல் உதையைத் தண்ட உதைப் பெட்டிக்குள்ளேயே நின்று சக வீரர் பெறலாம் என்பதால் தொலைக்காட்சியில் அந்த ஆட்டம் அழகாகத் தெரிகிறது. வெயிலில் இறுகி, பந்து எங்கே துள்ளும் என்று தெரியாத எங்கள் தரைகளில் அதைச் செய்யத் துணிவது எதிரணிக்குக் கோலைத் தட்டில் வைத்துக் கொடுப்பதாகும். வைகாசி முதல் ஆவணிவரை வீசும் தென்மேற்குக் காற்றான சோளகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாணயச் சுழற்சியில் வென்றவர் எந்தக் கோலை நோக்கித் தாக்குவது என்றோ, ஆட்டத்தைத் தொடங்குவது என்றோ தெரிவு செய்யலாம். எங்கள் தலைவர் ஒவ்வொரு முறையும் தொடக்க உதையையே கேட்கிறார்! கால்கள் உரமாக இருக்கும் முதற்பாதியில் காற்றை எதிர்த்து, பந்தைத் தரையோடு வைத்து ஆடுவதும், களைத்த இரண்டாம் பாதியில் காற்றின் துணையோடு நீள உதைகளை அனுப்புவதும் எங்களுக்குப் பொருந்தும்.

பெயர் குறிப்பிட விரும்பாதவர்: பயிற்றுவிப்பாளரை மாற்றினால்?

பருவத்தின் நடுவில் வேண்டாம். பயிற்சிக்குப் பாதிப்பேர்கூட ஒழுங்காக வராத அணிக்கு எவர் வந்தாலும் அவராலும் இயன்றது இவ்வளவே.

ரொறன்ரோவில் வசிக்கும் முன்னாள் வீரர்: காணொளிகளில் பார்க்கிறேன், எத்தனை மூலை உதை கிடைத்தாலும் ஒரு கோல்கூட வருவதில்லை. இங்கிருந்து நாங்கள் என்ன உதவி செய்யலாம், அண்ணா?

தம்பி, நலிந்த அணிக்கு மூலை உதையைப் போல மலிவான வாய்ப்பு வேறில்லை. நாடுகளுக்கிடையிலான 2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் எவரும் பொருட்படுத்தாத கிரேக்க அணி காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்ற கணக்கிலேயே வென்றது. மூன்று கோல்களும் தலையால் முட்டியவை. அவற்றுள் கடைசி இரண்டு மூலை உதையிலிருந்து வந்தவை. எங்கள் பையன்கள் எல்லோரும் கோல் காப்பாளரைச் சுற்றியே குவிகிறார்கள், உதைப்பவரும் முதற்கம்பத்தில் நிற்கும் முதல் எதிராளியின் காலுக்கே அனுப்புகிறார். உயரமான இருவர் தண்ட உதைப் புள்ளிக்குப் பின்னாலிருந்து ஓடிவர, ஒருவர் அவர்களைக் காப்பவரின் வழியில் நிற்க, இரண்டாம் கம்பத்தை நோக்கி ஒரே வகை உதையைப் பயிற்சிதோறும் இருபது தடவை உதைத்துப் பழகட்டும்.

உதவியைப் பொறுத்தவரை, புதிய சீருடை இரண்டு தொகுதி ஏற்கெனவே அலுமாரியில் இருக்கிறது. இப்போது பயிற்சிக்கு நல்ல பந்துகள் நான்கே உள்ளன. பதினைந்து பந்துகளும், பயிற்சி நாள்களில் வீரர்களுக்கு மாலையில் ஏதாவது சாப்பிடக் கொடுப்பதற்கான செலவும் கிடைத்தால் வேலை முடித்து வரும் பையன்கள் மைதானத்துக்கு வருவார்கள்.